டெஸ்டர் சொன்னால் நம்பலாமா?

டெஸ்டர் இல்லாத வீடு நம் ஊரில் கிடையாது. ஆனால் அது செய்கிற வேலைகளின் பட்டியலில் கரண்ட் பார்ப்பது கடைசியில்தான் வரும். பெயின்ட் டப்பா மூடியை நெம்புவது, கல்லாகிவிட்ட வெல்லத்தை உடைப்பது, மிக்ஸி ஜாரின் அடியில் சிக்கிய தேங்காய்ச் சில்லைத் தோண்டுவது, குழந்தையின் சைக்கிள் மணியை முடுக்குவது என்று வருஷம் முழுக்க அதற்கு வேலை. உறையில் விரிசல் விட்டு, முனை வளைந்து நிற்கும் அந்த ஜீவனிடம் திடீரென்று ஒருநாள் போய், “இந்த ஒயரில் கரண்ட் இருக்கிறதா, இல்லையா?” என்று உயிர் போகிற கேள்வியைக் கேட்கிறோம்.

எனக்கு மின்சாரத்தின் மீது மரியாதை அதிகம். வீட்டில் அதைப் பயம் என்று சொல்கிறார்கள்.

ஹாலில் ஃபேன் ரெகுலேட்டர் போய்விட்டது. எதில் வைத்தாலும் ஒரே வேகம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், “அஞ்சு நிமிஷத்துல வர்றேன் சார்” என்றார். அவர் அப்படிச் சொன்னபோது மாமரம் பூவிட்டிருந்தது. இப்போது மாவடு ஜாடியில் பாதி காலி.

“ஏங்க, ஃபோனைத் திறந்தா எல்லாரும் அவங்கவங்களே மாத்திக்கிறாங்க. நீங்க ஏன் மாத்தக் கூடாது?” என்றாள் மனைவி.

“மாத்தலாம். முதல்ல எதை வெச்சுக் கரண்ட் பார்க்கிறதுன்னு முடிவு பண்ணணும்.”

மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். “இதுக்கெல்லாம் ஒரு முடிவா மாப்ளே? நாங்க எல்லாம் புறங்கையால தொட்டே பார்த்துடுவோம்.”

புறங்கை வைத்தியம் பழைய வைத்தியம். ஷாக் அடித்தால் விரல்கள் மடங்கும். உள்ளங்கையில் ஒயர் இருந்தால் இறுகப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் விலகிக்கொள்ளும் என்பது கணக்கு. இதில் ஒரு சிக்கல். தொட்டுப் பார்த்துப் பிழைத்தவர்கள்தான் வந்து கதை சொல்கிறார்கள். மற்றவர்களின் அபிப்பிராயம் நமக்குக் கிடைப்பதில்லை.

சரி, டெஸ்டர்? அதன் முனையில் ஏறும் மின்சாரம், கிட்டத்தட்ட 10 லட்சம் ஓம் தடையைத் தாண்டி, குட்டி நியான் விளக்கில் நுழைந்து, தலைப்பக்கத்தில் வைத்திருக்கும் நம் விரல் வழியாக உடம்பில் இறங்கித் தரைக்குப் போகிறது. அந்த சர்க்யூட்டில் நாமும் ஓர் உதிரி பாகம். ஒரு மில்லி ஆம்பியரில் சிறு பங்குதான் பாய்கிறது என்பதால் நமக்குத் தெரிவதில்லை.

இப்போது பெரியவர்களின் அறிவுரையைக் கேளுங்கள்: ரப்பர் செருப்பு போட்டுக்கொள், காய்ந்த மர ஸ்டூலில் ஏறி நில். நல்ல அறிவுரை. ஆனால் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தால், உடம்பிலிருந்து தரைக்குப் போகும் வழி குறுகி, நியான் விளக்கு மங்கிவிடும். பால்கனி வெயிலில் அந்த மங்கல் கண்ணுக்கே தெரியாது. எவ்வளவு பத்திரமாக நிற்கிறோமோ, “கரண்ட் இல்லை” என்று டெஸ்டர் சொல்வதற்கு அவ்வளவு வாய்ப்பு.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. “இருக்கு” என்று சொன்ன டெஸ்டரால் யாரும் கெட்டதில்லை. கையை எடுத்துக்கொண்டு போய்விடுவோம். “இல்லை” என்று சொல்கிறதே, அதுதான் வில்லங்கம். கரண்ட் இல்லாவிட்டாலும் எரியாது. உள்ளே விளக்கு செத்திருந்தாலும் எரியாது. ஸ்பிரிங் நகர்ந்திருந்தாலும் எரியாது. ஆகவே கடைக்குப் போகிறவன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்தக் கருவி சொல்லும் “இல்லை”யை நம்பலாம்?

டெஸ்டர் “இருக்கு” என்று சொன்னாலும் முழுக் கதையைச் சொல்லிவிடுவதில்லை. எதிர் ஃப்ளாட்காரர் ஒருநாள் பதறிக்கொண்டு வந்தார். “சார், ப்ளக்ல ரெண்டு ஓட்டையிலயும் பேஸ் வருது! ஈ.பி.காரன் டபுளா அனுப்பறான்!” யாரும் டபுளாக அனுப்பவில்லை. எங்கோ நியூட்ரல் அறுந்திருந்தது. ஆன் செய்து வைத்திருந்த ட்யூப்லைட் வழியாக பேஸ் அந்தப் பக்கம் போய், திரும்ப வழி தெரியாமல் நியூட்ரல் ஒயரிலேயே நின்றது. டெஸ்டருக்கு பேஸ் தெரியும். நியூட்ரல் உயிரோடு இருக்கிறதா என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை.

தெருமுனை எலக்ட்ரிகல்ஸ் கடைக்காரர் ஒரு பேனாவை எடுத்து நீட்டினார். “தொடவே வேணாம் சார். கிட்ட கொண்டு போனாலே கத்தும்.” கத்தத்தான் செய்தது. சுவரில் கத்தியது, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் கத்தியது, பாலியெஸ்டர் சட்டையில் தேய்த்தபோதும் கத்தியது. ஒயரைச் சுற்றியுள்ள மின்புலத்தை மோப்பம் பிடிக்கிற கருவி அது. இரும்புக் குழாய்க்குள் ஓடும் ஒயரை அதனால் மோப்பம் பிடிக்க முடியாது. பேட்டரி தீர்ந்தால் மௌனமாகிவிடும். அந்த மௌனத்துக்கும் “கரண்ட் இல்லை” என்பதற்கும் நமக்கு வித்தியாசம் தெரியாது. முதல் எச்சரிக்கைக்கு நல்லது. தீர்ப்புக்கு ஆகாது.

அடுத்து ரிச்சி தெரு. சென்னையில் மல்ட்டிமீட்டர் வாங்க அங்கே போகாதவன் எலக்ட்ரானிக்ஸ் பேச அருகதை இல்லாதவன். மஞ்சள் மீட்டர்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. விலையைக் கேட்டு மகிழ்வதற்கு முன் அதன் முகத்தில் CAT என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது படித்தவர்கள் வாக்கு. ப்ளக்கில் சொருகும் சாதனங்களைப் பார்க்க கேட் 2. சுவருக்குள் ஓடும் வயரிங்கையும் எம்.சி.பி. பெட்டியையும் பார்க்க கேட் 3. மீட்டர் போர்டுப் பக்கம் என்றால் கேட் 4. நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட்தான். ஆனால் இடி இடிக்கும்போதும் பெரிய மோட்டார்கள் நிற்கும்போதும் ஒரு கணம் ஆயிரக்கணக்கில் எகிறும். கேட் 3, 600 வோல்ட் மீட்டர் என்றால் 6,000 வோல்ட் எகிறலைத் தாங்க வேண்டும். “இது கேட் 3 தானே?” என்று கேட்டேன். “எழுதியிருக்கு பாருங்க சார்” என்றார் கடைக்காரர். எழுதுவதற்குச் செலவு கம்மி. உள்ளே தரமான ஃபியூஸ் இருக்கிறதா, ஒயர் முனையில் விரல் வழுக்காமல் தடுப்பு இருக்கிறதா என்று பார்த்து, பேர் தெரிந்த கம்பெனி மீட்டராக வாங்கினேன்.

மீட்டரில் இன்னொரு பொறி. சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் ஓட்டையில் சொருகியபடியே ப்ளக்கில் வோல்ட் பார்க்கப் போனால், அது மீட்டர் இல்லை. நாமே பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்த ஷார்ட் சர்க்யூட்.

வீட்டில் வெள்ளோட்டம் விட்டபோது, எதனோடும் இணைக்காத பழைய ஒயர் ஒன்று 60 வோல்ட் காட்டியது. மாமனார் உடனே தீர்ப்பு சொன்னார்: “மோட்டரை நிறுத்தினாலும் பைப்ல தண்ணி நிக்குமில்லே, அது மாதிரி கரண்ட் மிச்சம் நிக்குது மாப்ளே. கொஞ்ச நேரம் வடியட்டும்.” வடியவில்லை. பக்கத்தில் ஓடும் ஒயரின் சாயல் இதில் விழுகிறது. டிஜிட்டல் மீட்டர் ஒயரிலிருந்து மின்சாரமே எடுக்காத சங்கோஜி என்பதால் அந்தச் சாயலையும் வோல்ட் என்று எண்ணிக் காட்டுகிறது. ஒரு பல்பை மாட்டினால் அந்த 60 வோல்ட் இருந்த இடம் தெரியாது.

அதனால்தான் பழைய எலக்ட்ரீஷியன்கள் டெஸ்ட் லேம்ப்பைக் கைவிடுவதில்லை. ஒரு ஹோல்டர், ஒரு குண்டு பல்பு, இரண்டு ஒயர். பேஸும் வேண்டும், திரும்பிப் போக வழியும் வேண்டும், நிஜ மின்சாரமும் வேண்டும், இல்லாவிட்டால் எரியாது. ஆனால் அதில் ஒயர் முனை அம்மணமாக நிற்கும், பல்பு கையிலேயே உடையும். அதே வேலையை உறை போட்டுப் பத்திரமாகச் செய்வது இரண்டு முனை வோல்டேஜ் டெஸ்டர். இரண்டு கைப்பிடி, நடுவில் ஒயர். நம் உடம்பை நம்பி அது பிழைப்பு நடத்துவதில்லை. விலை கொஞ்சம் உறைக்கும். என் ஓட்டு அதற்குத்தான்.

கருவி கிடைத்ததும் வேலை முடிந்துவிடாது. நம் வீடுகளில் இன்வெர்ட்டர் என்று ஒரு மறைமுக அரசாங்கம் நடக்கிறது. மெயினை அணைத்தால் ஒரு கண் சிமிட்டிவிட்டு ஃபேன் பாட்டுக்குச் சுற்றும். இன்வெர்ட்டர் ஸ்விட்சை மட்டும் அணைத்து மெயினை விட்டுவைத்தால், பல இன்வெர்ட்டர்கள் ஈ.பி. கரண்டை அப்படியே உள்ளே கடத்திவிடும். இரண்டையும் அணைக்க வேண்டும். சுவர் ஸ்விட்சை நம்புவதும் ஆகாது; ஸ்விட்சை நியூட்ரலில் போட்டுவிட்டுப் போன புண்ணியவான்கள் உண்டு. அங்கே விளக்கு அணையும், ஹோல்டரில் பேஸ் அசையாமல் உட்கார்ந்திருக்கும். மாதாந்தர ஷட்டவுனை நம்பி வேலையில் இறங்குகிறவர்கள், வேலை முன்கூட்டியே முடிந்தால் 2 மணிக்கு முன்பே கரண்ட் வரும் என்று அறிவிப்பின் கடைசி வரி சொல்வதையும் படிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய அபாயம் மாமியார். சீரியல் நேரத்தில் டி.வி. ஓடவில்லை என்றால் நேரே போய் மெயினைத் தூக்கிவிடுவார். அதனால் பெட்டிக்கு முன் மாமனாரை நாற்காலி போட்டு உட்காரவைத்தேன்.

அப்புறம்தான் சோதனை. முதலில் நிச்சயம் கரண்ட் இருக்கும் ஒரு ப்ளக்கில் அந்த இரண்டு முனை டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், எரிந்தது. மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, ரெகுலேட்டர் பெட்டியில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே, பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்தேன், எரியவில்லை. உடனே எதிர் ஃப்ளாட்டுக்குப் போய் அவர் வீட்டு ப்ளக்கில் மறுபடியும் வைத்தேன், எரிந்தது. நடுவில் டெஸ்டர் உயிரை விட்டிருக்கவில்லை என்று இப்போதுதான் ருசுவாகிறது.

“ஒரு ரெகுலேட்டருக்கு மூணு தடவை பரிசோதனையா? என்னைப் பொண்ணு பார்க்க ஒரே தடவைதானே வந்தீங்க?” என்றாள் மனைவி.

பதில் சொல்லவில்லை. ரெகுலேட்டரை மாற்றினேன். இப்போது ஃபேன் எண்ணுக்கேற்ற வேகத்தில் சுற்றுகிறது.

வாசகர்களுக்கு என் சிபாரிசு இதுதான். பேர் சொல்லும் கம்பெனியின் இரண்டு முனை டெஸ்டர் ஒன்று வாங்குங்கள். முடியாவிட்டால் கேட் 3 மல்ட்டிமீட்டர். ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் பின்னும், வேலையில் கை வைப்பதற்குள், கரண்ட் உள்ள இடத்தில் அதை வைத்துப் பாருங்கள். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாட்டிவிடுங்கள். அதன் டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்தவரை அதுவும் காப்பாற்றாது என்பதை மறக்க வேண்டாம். மீட்டர் போர்டும் அதற்கு முன்னால் உள்ள சர்வீஸ் ஒயரும் ஈ.பி.காரர்கள் வேலை, அந்தப் பக்கம் போகாதீர்கள். டெஸ்டர் சொல்வதில் துளி சந்தேகம் வந்தாலும் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வையுங்கள். ஒரு ராத்திரி பனை விசிறியால் விசிறிக்கொண்டு படுப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.