வெள்ளி விற்ற வெள்ளைக்காரன்

கான்சாபுரத்துத் தோப்புக்காரர் ஒருவர் தஞ்சைப் பெரிய கோயில் நாணயத்தை வெல்வெட் பெட்டியோடு ஸ்ரீவில்லிபுத்தூர் நகைக்கடைக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல ஜோசியம் வேண்டாம். கோயிலுக்கு ஆயிரம் வயது ஆனதற்காக 2010-இல் மத்திய அரசு அடித்த ஆயிரம் ரூபாய்க் காசு அது. 35 கிராம். எண்பது சதவீதம் வெள்ளி, பாக்கி செம்பு. கடைக்காரர் முதலில் பெட்டியை ஓரமாக வைப்பார். அடுத்து சான்றிதழை. பிறகு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவை. ராஜராஜன் கட்டிய கோபுரத்தையும் மனசுக்குள் கழித்துவிட்டு, 28 கிராம் வெள்ளிக்கு மட்டும் கணக்குப் போடுவார்.

“லிமிடெட் எடிஷன், அண்ணாச்சி.”

“சரிதான். உருக்குற மூசைக்கு அது தெரியாதுல்ல?”

2024 ஆகஸ்டில் வந்த கலைஞர் நூற்றாண்டு நாணயம் இன்னும் சுவாரஸ்யம். முகமதிப்பு நூறு ரூபாய். உடன்பிறப்புகள் கொடுத்த விலை பத்தாயிரம். 35 கிராமில் பாதிதான் வெள்ளி. அன்றைக்குக் கிராம் 90 ரூபாயைச் சுற்றி இருந்தது. ஆக உள்ளே இருந்த வெள்ளி ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. மிச்சம் எட்டாயிரத்துச் சொச்சம் பாசம். பாசத்தை நிறுக்கிற தராசை எந்தக் கடையிலும் வைத்திருப்பதில்லை.

இப்படி வாங்கியவர்களைப் பார்த்துச் சிரிக்கிற புத்திசாலிகள் நம் பக்கத்தில் நிறைய. அவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம். வெள்ளிக் காசை ஏறின விலையில் வாங்கி, இறங்கின விலையில் விற்பதை ஒரு கலையாகவே வளர்த்தெடுத்தவர்கள் தோப்புக்காரர்களும் கட்சிக்காரர்களும் அல்ல. சூரியனே அஸ்தமிக்காத சாம்ராஜ்யத்தின் நிதித்துறை அது.

வெள்ளைக்காரனின் கொள்முதல் முறை நம் ஊருக்குப் புதிதும் அல்ல. கான்சாபுரம் என்ற பெயரே கான்சாகிப் விட்டுப்போனது என்று இங்கே சொல்வார்கள். மருதநாயகமாகப் பிறந்து யூசுப்கானாக உயர்ந்து, பாளையக்காரர்களை எல்லாம் கம்பெனிக்காக அடித்து அடக்கிய மனுஷன். மார்க்கெட் ஏறியிருந்தவரை கம்பெனி அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. 1764 அக்டோபரில் மதுரையில் தூக்குமேடைக்கு அனுப்பியது. கையிருப்புச் சரக்கைக் கழித்துக்கட்டுவதில் அப்போதே தேர்ந்த கை.

காசுக்கு வருவோம். அந்தக் காலத்து ரூபாய் சரியாக ஒரு தோலா எடை. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டிக்கொண்டு தில்லி தர்பாருக்கு வந்த வருஷம், ராஜாவின் தலை போட்ட புது ரூபாய் வெளிவந்தது. ராஜாவின் அங்கியில் தொங்கும் மாலையில் ஒரு யானை. செதுக்கியவர் யானையை நேரில் பார்த்தாரோ என்னவோ, தும்பிக்கை குட்டையாகிப்போய் அது பன்றியாக வந்து நின்றது. ராஜா பன்றியை நெஞ்சில் சுமக்கிறார் என்று ஊர் முழுக்கப் பேச்சு. முஸ்லிம்கள் அந்தக் காசைத் தொட மாட்டோம் என்றார்கள். சர்க்கார் அலறியடித்துக்கொண்டு வெளியே போகாத காசையெல்லாம் உருக்கியது. அடுத்த வருஷமே தும்பிக்கையை நீட்டிவிட்டது. யாரும் திட்டமிடாமல் இந்தியாவில் பிறந்த லிமிடெட் எடிஷன் இந்தப் ‘பன்றி ரூபாய்’தான். இன்றைக்கும் சேகரிப்பவர்கள் தேடி அலைகிறார்கள். பெட்டி, சான்றிதழ், திட்டம் ஏதும் இல்லாமல், அசடு வழிந்ததால் மட்டுமே மதிப்பு கூடிய காசு.

பிறகு முதல் உலகப் போர். கோதுமை, சணல் என்று இந்தியாவிலிருந்து போன சரக்குக்கெல்லாம் காசு உள்ளே வந்தது. வந்த காசு வெளியே போகவில்லை. நம் ஆட்களுக்குக் காசு என்றால் வெள்ளி. வெள்ளி என்றால் பானை. பானை என்றால் அடுப்படி மண்ணுக்குக் கீழே. மெக்சிகோவில் வேறு புரட்சி, சுரங்கங்கள் படுத்துவிட்டன. வெள்ளி விலை ஏறி, ரூபாய்க்குள் இருக்கும் உலோகம் ரூபாயைவிட விலை கூடியதாகிவிட்டது. உருக்கினால் லாபம். உடனே 1917-இல் காசை உருக்குவது குற்றம் என்று உத்தரவு. கொலுசுக்கும் தண்டைக்கும் வெள்ளி கேட்டு வருகிறவர்களை வைத்துக்கொண்டு பட்டறை ஆசாரிகள் அந்த உத்தரவை எவ்வளவு பயபக்தியோடு கடைப்பிடித்திருப்பார்கள் என்பது உங்கள் கற்பனைக்கு.

வெள்ளிக்குப் பதிலாகக் காகிதம் கொடுத்துப் பார்த்தது சர்க்கார். 1917 நவம்பரில் ஒரு ரூபாய் நோட்டு. 1918 பிறந்ததும் இரண்டு ரூபாய் எட்டணா நோட்டு. ஆமாம், இரண்டரை ரூபாய்க்கு ஒரு நோட்டு. எந்த மகானுபாவனுக்கு உதித்த யோசனையோ. ஜெர்மனி ஜெயிக்கப் போகிறது என்று வதந்தி கிளம்பியதும் ஜனங்கள் நோட்டைத் தூக்கிக்கொண்டு பம்பாய் கரன்சி ஆபீஸ் வாசலில் வரிசை கட்டினார்கள். கொடுக்க வெள்ளி இல்லையென்றால் சாம்ராஜ்யத்தின் மானம் கப்பலேறும். கப்பல் ஏற வேண்டியது வெள்ளிதான் என்று முடிவானது.

இந்த இடத்தில் நம் கதாநாயகர் வருகிறார்: கீ பிட்மன், நெவாடா மாநில செனட்டர். நெவாடா என்றால் வெள்ளிச் சுரங்கம். 1918 ஏப்ரலில் அவர் பெயரால் ஒரு சட்டம். அமெரிக்கக் கஜானாவில் தூங்கிக்கொண்டிருந்த வெள்ளி டாலர்களை, ஒன்றிரண்டல்ல, 27 கோடியை உருக்கினார்கள். அதில் பெரும்பங்கு, ஏறத்தாழ 20 கோடி அவுன்ஸ், அவுன்ஸுக்கு ஒரு டாலர் வீதம் பிரிட்டன் வழியாக இந்தியாவுக்கு வந்தது. சுதந்திர தேவியின் முகம் அழிந்து ஐந்தாம் ஜார்ஜின் தாடி முளைத்தது. பிட்மன் இன்னொரு கண்ணியையும் சட்டத்திலேயே வைத்திருந்தார்: விற்ற வெள்ளிக்கு ஈடாக அமெரிக்க அரசு உள்ளூர்ச் சுரங்கங்களிடம் அதே ஒரு டாலருக்குத் திரும்ப வாங்க வேண்டும். போர் முடிந்து விலை சரிந்தபோதும் சுரங்கக்காரர்களுக்கு முழு டாலர் வந்துகொண்டிருந்தது. மனுஷன் வியாபாரி.

1920 தொடக்கம்வரை விலை ஏறிக்கொண்டே போனது. இனி இறங்காது என்று நம்பிய பாபிங்டன் ஸ்மித் கமிட்டி ரூபாய்க்கு இரண்டு ஷில்லிங் மதிப்பு வைக்கச் சொன்னது. கமிட்டியிலிருந்த ஒரே இந்தியர் தாதிபா தலால், பம்பாய்த் தங்கம் வெள்ளி வியாபாரம் தெரிந்தவர், தன்னந்தனியாக மறுப்பு எழுதினார். கேட்பார் இல்லை. அந்த வருஷத்துக்குள்ளேயே விலை குப்புற விழுந்தது. ரூபாயும் இரண்டு ஷில்லிங்கில் நிற்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உண்மையான கூத்து. 1926-இல் ஹில்டன் யங் கமிஷன், சர்க்கார் கையில் 85 கோடி ரூபாய்க்கு வெள்ளிக் காசு தேங்கியிருக்கிறது, பத்து வருஷத்தில் 25 கோடிக்குக் குறைத்துவிடுங்கள் என்றது. 1927 முதல் சர்க்கார் ரூபாயை உருக்கி விற்க ஆரம்பித்தது. விற்க விற்க விலை இறங்கியது. இறங்க இறங்க விற்றது. 1928-இல் அவுன்ஸ் 58 சென்ட். 1932 கடைசியில் 25 சென்ட். வெள்ளியை நாணயமாக வைத்திருந்த சீனா, இந்தியா கொட்டுகிற சரக்கில் மூழ்குகிறோம் என்று கத்தியது. இதற்கு நடுவில் 1930 பட்ஜெட்டில், உள்ளே வருகிற வெள்ளிக்கு அவுன்ஸுக்கு நாலணா இறக்குமதி வரி! வெளியே மலிவாகக் கொட்டு, உள்ளே இருப்பவனுக்கு விலையை ஏற்று.

பொருளாதார மந்தத்தில் நெல் விலை படுத்துக் கிடந்த காலம் அது. உலக விலையில் கணக்குப் பார்த்தால் 1932 கடைசியில் ஒரு ரூபாய்க்குள் இருந்த வெள்ளி ஆறணாகூடப் பெறாது. காசாகவே பானையில் வைத்திருந்தவருக்குப் பதினாறணா கிடைத்தது, ராஜா தலைக்கு மரியாதை. திருட்டுத்தனமாக உருக்கித் தண்டை செய்துபோட்ட வீட்டுக்கு வெறும் வெள்ளி விலை, அதிலும் சேதாரம் கழித்து. சட்டத்தை மீறியதற்குச் சர்க்கார் தண்டிக்கவில்லை, மார்க்கெட் தண்டித்தது.

1933-இல் லண்டனில் உலகப் பொருளாதார மாநாடு. வெள்ளி விலையைத் தூக்கி நிறுத்த அமெரிக்கா அனுப்பிய ஆள் யார்? அதே பிட்மன். ஒரு டாலருக்கு இந்தியா தலையில் கட்டியவர், இப்போது வந்து, ஐயா தயவுசெய்து விற்காதீர்கள் என்று கேட்கிறார். குடிபோதையில் கிளாரிட்ஜஸ் ஹோட்டல் தாழ்வாரத்தில் கத்தியோடு ஒரு நிபுணரைத் துரத்தினார், தெருவிளக்குகளைத் துப்பாக்கியால் சுட்டு அணைத்தார் என்றெல்லாம் அவரைப் பற்றிக் கதைகள் உண்டு. அந்த மாநாட்டில் ஒப்பேறிய ஒரே காரியம் பிட்மனின் வெள்ளி ஒப்பந்தம்தான்: இந்தியா வருஷத்துக்குச் சராசரி மூன்றரைக் கோடி அவுன்ஸுக்கு மேல் விற்காது. தெளிவாக இருந்த மற்றவர்களால் ஒன்றும் முடியவில்லை.

அதே ஜூனில் இன்னொரு வேடிக்கை. போர்க் கடன் தவணையை முழுசாகக் கட்டாமல், அடையாளத்துக்கு ஒரு கோடி டாலர் மட்டும் கட்ட பிரிட்டன் முன்வந்தது. அமெரிக்கச் சட்டம் வெள்ளியாகக் கொடுத்தால் அவுன்ஸை 50 சென்டாக எடுத்துக்கொள்ளும். மார்க்கெட்டிலோ 36 சென்டைச் சுற்றித்தான் விலை. பிரிட்டன் இந்திய சர்க்காரிடம் இரண்டு கோடி அவுன்ஸ் வாங்கி அமெரிக்காவுக்கு அனுப்பியது. நெவாடாவில் தோண்டி, டாலராக அடித்து, உருக்கி, ரூபாயாக அடித்து, மறுபடி உருக்கி, பாதி விலைக்குப் பிறந்த வீடு போய்ச் சேர்ந்த வெள்ளியும் அதில் கொஞ்சம் இருந்திருக்கும்.

விற்றுத் தீர்த்ததும் அடுத்த போர் வந்தது. மறுபடி ஜனங்கள் காசைப் பதுக்க, 1940-இல் ரூபாயில் வெள்ளியைப் பாதியாக்கினார்கள்: 50 பங்கு வெள்ளி, 40 செம்பு, நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து. போதாமல், விற்ற அமெரிக்காவிடமே கடனாக 22 கோடியே 60 லட்சம் அவுன்ஸ் வாங்கினார்கள். அதில் பெரும்பங்கைத் திருப்பிக் கொடுத்தது சுதந்திர இந்தியா. பழைய காசுகளிலிருந்து வெள்ளி பிரித்து 1957-இல் கணக்கு முடித்தது. 1940-இன் அந்தப் போர்க்காலப் பஞ்சக் கலவைதான் கலைஞர் நாணயத்துக்கும். வெல்வெட் மட்டும் புதுசு.

இரண்டு ரூபாய் எட்டணா நோட்டு என்ன ஆனது என்றால், யாரும் சீந்தாமல் 1926-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. இப்போது ஏலத்துக்கு வந்தால் லட்சக்கணக்கில் போகிறது. ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பழைய டிரங்குப் பெட்டி வைத்திருப்பவர்கள் துழாவிப் பார்க்கலாம். எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. விவரமான தாத்தாக்கள் அப்போதே அதைக் கொடுத்து வெள்ளியாக வாங்கியிருப்பார்கள்.