மைக்கில் மொய், கையில் அடகு ரசீது

பூந்தமல்லி மெட்ரோ ரயிலின் கதை பூந்தமல்லியில் தொடங்கவில்லை, சேப்பாக்கத்தில் குளிரூட்டிய கலைவாணர் அரங்கத்தில் தொடங்கியது. 2020 நவம்பர் 21 அன்று உள்துறை அமைச்சர் அமித் ஷா சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார். மூன்று தடங்கள், 118.9 கிலோமீட்டர். அதில் ஒன்று கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி புறவழிச்சாலை வரை. அதே அரசு மேடையில், அதே மைக்கில், அன்றைய முதலமைச்சரும் துணை முதலமைச்சரும் அ.தி.மு.க. – பா.ஜ.க. கூட்டணி தொடரும் என்று அறிவித்தார்கள். அன்றைக்கு நாட்டியது எதற்கான கல் என்று அப்போதே நமக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்து 2021 பிப்ரவரி 1. நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்ஜெட்டில் சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தைப் பெயர் சொல்லி அறிவித்தார். 63,246 கோடி ரூபாய்த் திட்டம், ஒன்றிய அரசின் பங்கும் உண்டு. தலைப்புச் செய்தியில் பங்கு என்ற சொல் சுருங்கியது, தொகை கொழுத்தது. தமிழ்நாட்டுக்கு மோடி 63,246 கோடி கொடுத்துவிட்டதாக இன்றும் மனப்பாடமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஏப்ரல் 6 அன்று வாக்குப்பதிவு. முடிவு டெல்லி நினைத்தபடி வரவில்லை. ஆகஸ்டில் பொது முதலீட்டு வாரியம் திட்டத்துக்குப் பரிந்துரை கொடுத்தது. அதன்பின் அமைச்சரவை கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அது விழுந்த நாள் 2024 அக்டோபர் 3. நடுவில் மூன்றாண்டுக்கு மேல் அந்தக் கோப்பு யாருடைய மேசையில் தூங்கியது, யார் தாலாட்டினார்கள்?

கோப்பு தூங்கியது, கடப்பாரை தூங்கவில்லை. கரையான்சாவடி, குமணன்சாவடி, காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல், போரூர், வளசரவாக்கம் என்று சாலையின் நடுவயிற்றைக் கிழித்துத் தூண் எழுப்பினார்கள். இருபுறமும் தகரத் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் காணாமல் போன கடைக்காரர், 'கடை வழக்கம்போல் இயங்குகிறது' என்று ஒரு ஃப்ளெக்ஸ் அடித்து அந்தத் தகரத்திலேயே கட்டினார். மழை பெய்தால் தடுப்போரம் தேங்கிய தண்ணீரில் பள்ளம் எது, சாலை எது என்று தெரியாமல் பைக் ஓட்டிகள் காலை ஊன்றி ஊன்றிப் போனார்கள். வடபழனிக்குப் போகும் பேருந்தில் போரூர் ரவுண்டானா தாண்டுவதற்குள் ஒரு தூக்கம் போடலாம். அலுவலகத்தில் 'ஏன் லேட்?' என்று கேட்டால் 'பூந்தமல்லி சார்' என்றால் போதும், மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? நாடாளுமன்றத்தில் கேட்டபோது டெல்லி சொன்ன பதில்: இது மாநிலத் துறைத் திட்டம், செலவு மாநிலத்தைச் சேர்ந்தது. அடிக்கல் நாட்டியது உள்துறை அமைச்சர், பட்ஜெட்டில் வாசித்தது நிதியமைச்சர், திட்டம் மட்டும் மாநிலத்தினுடையது. நாட்டில் வேறெந்த மாநிலத் திட்டத்துக்கு இவ்வளவு பெரிய இடத்துப் புரோகிதர்கள் வந்தார்கள்?

தமிழ்நாட்டு அரசு தன் கையிலிருந்தும் கடன் வாங்கியும் செலவழித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதியது. 2024 செப்டம்பர் 27 அன்று அன்றைய முதலமைச்சர் ஸ்டாலின் டெல்லி போய்ப் பிரதமரைப் பார்த்தார். ஆறே நாளில் ஒப்புதல். ஆறு நாளில் முடிகிற வேலைக்கு மூன்று வருடம் எதற்கு?

ஒப்புதலோடு நிதியமைச்சகம் ஒரு விளக்கமும் வெளியிட்டது. இனி இந்தத் திட்டத்தில் கிட்டத்தட்ட 65 சதவீதம் டெல்லியே கொடுக்கும் என்றது. மகிழ்ச்சி. உள்ளே படித்தால்: 33,593 கோடி கடன். பங்கு முதலீடும் சார்நிலைக் கடனும் சேர்த்து 7,425 கோடி. அந்த 33,593 கோடியும் ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி போன்ற வெளி நிறுவனங்கள் கொடுக்கும் கடன்தான், டெல்லியின் பெட்டி வழியாகச் சுற்றி வருகிறது. திருப்பிக் கட்ட வேண்டியது சென்னை மெட்ரோ நிறுவனம். நிறுவனத்தால் முடியாவிட்டால் மாநில அரசு கைகொடுக்க வேண்டும். இதுவும் அதே விளக்கத்தில்தான் இருக்கிறது. மாநிலத்தின் கடன் வரம்பில் இதனால் இடம் கிடைத்தது உண்மை, அது பெரிய உதவிதான். ஆனால் உதவிக்கும் தானத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர்களா நிதியமைச்சகத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்?

கல்யாண மண்டபத்தில் தாய்மாமன் 65 பவுன் மொய் என்று மைக்கில் சொல்லச் சொல்கிறார். முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். போட்டோவில் மாப்பிள்ளை தோளில் கை போட்டு நிற்கிறார். கிளம்பும்போது பையில் ஒரு சீட்டைச் செருகிவிட்டுப் போகிறார். பிரித்தால் 53 பவுனுக்கு அடகுக்கடை ரசீது, மாப்பிள்ளை பெயரில். கீழே குட்டி எழுத்தில்: மாப்பிள்ளை வட்டி கட்டாவிட்டால் அவர் அப்பா கட்டுவார். இந்த மாமாவுக்கு அடுத்த விசேஷத்துக்கும் முதல் பத்திரிகை வைக்க வேண்டுமாம். மெட்ரோ நிறுவனத்தில் இரண்டு அரசுக்கும் சரிபாதிப் பங்கு, தலைவர் நாற்காலி மட்டும் டெல்லிச் செயலாளருக்கு.

பூந்தமல்லிக்காரர் இப்படி. பக்கத்து ஆவடிக்காரர் பாடு வேறு. அவர் காலையில் கண் விழித்தால் டெல்லி முகத்தில்தான் விழிக்க வேண்டும். ஏறும் மின்சார ரயில் ரயில்வேயினுடையது. சி.டி.எச். (சென்னை – திருவள்ளூர்) சாலை தேசிய நெடுஞ்சாலை. கனரக வாகனத் தொழிற்சாலை, இன்ஜின் தொழிற்சாலை, படைத்துறை உடை தொழிற்சாலை, விமானப்படை நிலையம் எல்லாம் டெல்லியினுடையவை. ஊரின் நடுவில் எங்கு திரும்பினாலும் 'பாதுகாப்புத் துறை நிலம், அத்துமீறி நுழையாதே' என்ற பலகை. விஜயந்தாவில் தொடங்கி அர்ஜுன் வரை பீரங்கி செய்து கொடுத்த ஊர். 2021 பிப்ரவரி 14 அன்று பிரதமர் சென்னைக்கு வந்து ஆவடி அர்ஜுனை ராணுவத்திடம் ஒப்படைத்துக் கைதட்டு வாங்கினார். அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று அர்ஜுன் செய்த தொழிற்சாலையை அரசுத் துறையிலிருந்து பிரித்துக் கம்பெனியாக்கிவிட்டார்கள். எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யக்கூடாது என்று அதற்கு முன்பே அவசரச் சட்டம் தயாராக இருந்தது. ஆவடியின் கருத்தைக் கேட்டார்களா என்று கேட்காதீர்கள், பீரங்கியிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை.

இந்த ஊருக்கும் ஒரு மெட்ரோ கேட்கிறோம். கோயம்பேட்டிலிருந்து முகப்பேர், அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை 21.76 கிலோமீட்டர், 19 நிலையங்கள், ஏறக்குறைய 10,000 கோடி. 2025-இல் மாநில அரசு கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. அடுத்தது டெல்லி. நகர்ப்புற அமைச்சகம் பார்க்க வேண்டும், நிதி ஆயோக் பார்க்க வேண்டும், செலவினத் துறை பார்க்க வேண்டும், ரயில்வே பார்க்க வேண்டும், முதலீட்டு வாரியம் கூட வேண்டும், கடைசியில் அமைச்சரவை. இவர்கள் கையில் 2017 மெட்ரோ ரயில் கொள்கை என்றொரு அளவுகோல் இருக்கிறது. அந்த அளவுகோல் எப்படி வளையும் என்பதைக் கோவையும் மதுரையும் 2025 நவம்பரில் பார்த்தன. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி 20 லட்சம் பேர் இல்லை என்பதும் ஒரு காரணமாகி இரண்டு திட்டங்களும் திரும்பி வந்தன. அதே 2011 கணக்கில் 20 லட்சத்தைத் தொடாத ஆக்ராவுக்கும் போபாலுக்கும் அதே கொள்கையின் கீழ் அதே அமைச்சரவை ஏற்கெனவே ஒப்புதல் கொடுத்திருந்தது. ஆக்ராவில் தாஜ்மகாலையும் தலைக்கணக்கில் சேர்த்தார்களோ என்னவோ.

2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கை எடுக்காதது யார்? அதே டெல்லி. 2027-க்குத் தள்ளிவிட்டு, பழைய ஏட்டைக் காட்டி 'உங்கள் ஊரில் ஆளில்லை' என்கிறது. அந்த 2011 ஏட்டில் அம்பத்தூர் இன்னும் தனி நகராட்சி. அது சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு பிறந்த பிள்ளைகள் பள்ளி மேல்வகுப்புக்கு வந்துவிட்டார்கள். ஆவடி அதில் நகராட்சி, 2019-இல் மாநகராட்சியானதே டெல்லிக் கணக்கில் இல்லை.

வெள்ளத்துக்கு மட்டும் கணக்கு வேண்டாம், கண்ணால் பார்த்தாலே தெரியும் என்றுதான் நினைத்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தண்ணீர் புகுந்து இயந்திரங்கள் முங்கின. சிறு பட்டறைக்காரர்கள் லேத்தைக் கழற்றிக் காயவைத்தார்கள். ஒன்றியக் குழு வந்து பார்த்துக் குறிப்பெடுத்தது. இந்தப் புயலுக்கும் அதே மாதத்தில் தென் மாவட்டங்களை மூழ்கடித்த வெள்ளத்துக்கும் சேர்த்து மாநிலம் கேட்டது 37,907 கோடி. உச்ச நீதிமன்றத்துக்குப் போன பிறகு 2024 ஏப்ரலில் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வந்தது 276 கோடி. கேட்டதில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அதே தொழிற்பேட்டை மாதாமாதம் ஜி.எஸ்.டி. கட்டுகிறது. ஒருநாள் தாமதமானாலும் கணினி தாமதக் கட்டணம் போடும். பகிர்ந்து கொடுக்கும் வரியில் தமிழ்நாட்டின் பங்கு 15ஆவது நிதிக் குழுவில் 4.079 சதவீதமாக இருந்தது. செஸ், கூடுதல் வரி என்று தனிப்பெட்டியில் போடும் பணத்தில் அந்தப் பங்கும் கிடையாது.

கோட்டையில் இருப்பவர்கள் இதைப் படித்து ரொம்பவும் தலையாட்ட வேண்டாம். 1969-இல் ராஜமன்னார் குழு, 2025-இல் குரியன் ஜோசப் குழு என்று மாநில சுயாட்சிக்குக் குழு போடுவதில் நாம் முன்னோடி. ஆனால் நகர்ப்புற உள்ளாட்சிக்கு 2016-இல் நடந்திருக்க வேண்டிய தேர்தல் 2022-இல்தான் நடந்தது. அந்தக் காலத்தில் பெரும்பங்கு ஆண்டது அ.தி.மு.க., கடைசி ஒன்பது மாதம் தி.மு.க. ஆவடி மாநகராட்சியாகப் பிறந்ததே மேயர் இல்லாமல்தான். டெல்லி நம்மை நடத்துவதுபோலவே கோட்டை ஆவடியை நடத்துகிறது. மனைப்பிரிவும் பெரிய கட்டடமும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. கையில், பேருந்து போக்குவரத்துக் கழகத்தின் கையில். குப்பையும் கொசுவும் மாநகராட்சிக்கு.

எனவே பட்டாபிராம் கோப்பில் இந்த முறை முதல் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், இரண்டு அரசும்: எவ்வளவு இனாம், எவ்வளவு கடன், யார் கட்டுவது, எந்தத் தேதிக்குள் ஒப்புதல், தவறினால் யார் பதில் சொல்வது. அந்தப் பக்கத்தைப் பொதுமக்கள் பார்க்க ஆவடி ரயில் நிலையத்தில் ஒட்டுங்கள். ஒட்டும் வரை சி.டி.எச். சாலையில் ஒரு கடப்பாரையும் விழக்கூடாது.