மீன் கொடுத்த ஒரு சகோதரர்

கோட்டைப்பட்டினத்தில் கோபத்துக்கு ஆயுசு கம்மி. விசைப்படகுகள் கரை சேர்கிற காலை நேரத்தில் மீன்பிடித் தளத்தில் போய் நின்றால் தெரியும். நண்டு எடையில் கால் கிலோவை முழுங்கிவிட்டாய் என்று ஒருவர் கத்துவார். நீ கொடுத்த இறாலில் பாதி ஐஸ்தானே என்று வியாபாரி திருப்பிக் கத்துவார். பேச்சு மெல்ல இறாலை விட்டு விலகி, இரண்டு தரப்புத் தாத்தாக்கள் வரைக்கும் போய்விடும். ஊருக்குப் புதிதாக வந்தவன் போலீசுக்குப் போன் போடலாமா என்று யோசிப்பான். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அதே இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் டீ குடித்துக்கொண்டு இருப்பார்கள். டீக்கு யார் காசு கொடுப்பது என்பதில் அடுத்த சண்டை ஆரம்பமாகியிருக்கும்.

கிறிஸ்தவர்களாகிய எங்களுக்கு இந்த வசதி கிடையாது. சபைக்குள் சத்தம் போடக் கூடாது. சிரித்த முகமாய் ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். அதனால் எங்கள் கோபம் ஐஸ் போட்ட மீன் மாதிரி, வருஷக்கணக்கில் அழுகாமல் இருக்கிறது.

நான் நாசரேத் பக்கத்துக்காரன். வேலை நிமித்தம் இந்த ஊரில் வாடகைக்கு இருக்கிறேன். ஊரில் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள். வெளியூர்க்காரர்களுக்கு ராவுத்தர் அப்பா தர்காவைச் சொன்னால்தான் கோட்டைப்பட்டினம் புரியும். எனக்கு ஞாயிறு ஆராதனை என்றால் ஈசிஆரில் பஸ் பிடித்துப் போக வேண்டும். எந்தத் திசையில், எந்த ஊருக்கு என்று சொல்வதாக இல்லை. சொன்னால் கமிட்டியில் என்மேல் தீர்மானம் போடுவார்கள். அந்தத் தீர்மானமும் ஜெபத்தோடுதான் தொடங்கும்.

விவகாரம் அறுப்பின் பண்டிகையில் ஆரம்பித்தது. இதை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: விளைச்சலின் முதல் பலனை ஆலயத்துக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். பணம் சபைக்கு. ஏலம் என்றால் சந்தை ஏலம் மாதிரி இல்லை. ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரம் ரூபாய்க்குப் போகும். எடுத்தவர் பெருந்தன்மையோடு அதை மறுபடி ஏலத்துக்கே கொடுப்பார். அது இன்னொரு ஆயிரத்துக்குப் போகும். பொருளாதாரம் படித்தவர்கள் அந்தப் பக்கம் வராமல் இருப்பது அவர்கள் உடம்புக்கு நல்லது.

எனக்கு நிலம் கிடையாது, தோட்டம் கிடையாது. கோட்டைப்பட்டினத்தில் இருந்துகொண்டு பூசணிக்காயா கொண்டுபோவது? விடியற்காலையில் தளத்துக்குப் போய், மூன்று கிலோவுக்கு மேல் கனத்த ஒரு சீலாவை வாங்கினேன். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, சணல் கட்டி, பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் பெட்டிக்கும் லக்கேஜ் டிக்கெட் கேட்டார். "கோயிலுக்குப் போற மீன்ணே" என்றேன். "எந்தக் கோயில்ல சார் மீன் படைக்கிறாங்க?" என்று கேட்டுக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்தார்.

ஆலயத்தில் பீடத்துக்கு முன்னால் கரும்பு, வாழைத்தார், முருங்கைக்காய், கால் கட்டிய இரண்டு சேவல். நடுவே வெள்ளி மாதிரி மின்னிக்கொண்டு என் சீலா. ஆயரின் பிரசங்கம் கொஞ்சம் நீண்டது. முன்வரிசைக்காரர்கள் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோகத் தொடங்கினார்கள். இருந்தாலும் ஏலத்தில் என் மீன்தான் கதாநாயகன். இரண்டு குடும்பம் போட்டி போட்டது. கடைசியில் சபைச் செயலர் ஐயாவே நாலாயிரத்து இருநூறுக்கு எடுத்தார். நல்லவேளை, மறுபடி ஏலத்துக்குக் கொடுக்கவில்லை. அந்த மீனுக்கு இன்னொரு சுற்றுத் தாங்கியிருக்காது.

பிறகு நன்றி வாசிப்பு. வாழைத்தார் கொடுத்த இன்னார், முருங்கைக்காய் கொடுத்த இன்னாரின் குடும்பத்தார், எலுமிச்சம்பழம் கொடுத்த இன்னாரின் பேத்தி. பேத்திக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதுகூட ஆகவில்லை, அவள் பேரும் வந்தது. செயலர் கண்ணாடியைச் சரிசெய்தார். "அப்புறம்... மீன் கொடுத்த ஒரு சகோதரர்." தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஏலம் எடுத்தவர்கள் பட்டியலில் மட்டும் அவர் பேர் இனிஷியலோடு வந்தது.

சின்ன விஷயம்தான். அதனால்தான் அது பெரிதானது. பெரிய அநியாயம் நடந்தால் நாலு பேரிடம் சொல்லி அழலாம். மீனுக்குப் பேர் வாசிக்கவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? அடுத்த வாரத்திலிருந்து எப்போதும் உட்காரும் பெஞ்சை விட்டுப் பின்னால் போனேன். செயலர் அதைக் கவனித்தார். அதற்கடுத்த வாரம் ஜெபம் ஏறெடுக்க அவரைக் கூப்பிட்டார்கள். நோயாளிகளுக்கு ஜெபித்தார், தேசத் தலைவர்களுக்கு ஜெபித்தார். பிறகு குரலைத் தழைத்துக்கொண்டு, காணிக்கை கொடுத்துவிட்டுப் பேர் புகழை எதிர்பார்க்கிற சிலருக்காகவும் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டிருந்த சபை முழுவதும் அரைக்கண் திறந்து பின்பெஞ்சைப் பார்த்தது.

சபையில் யாரும் யாரையும் திட்டுவதில்லை. ஆண்டவரை நடுவில் நிறுத்தி, அவர் வழியாகத்தான் அனுப்புவோம். ஜெபத்துக்குப் பதில் சொல்ல முடியாது, குறுக்கே பேச முடியாது, முடிவில் நாமே ஆமென் வேறு சொல்ல வேண்டும். எனக்கும் ஒரு புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் வாய்ப்பு வந்தது. பட்டியல் வாசிக்கிறவர்களுக்கு நல்ல கண்பார்வை கிடைக்க உருக்கமாக ஜெபித்தேன்.

வீட்டு ஓனர் பாய் ஒரு ஞாயிறு மதியம் என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "என்ன சார், மத்த நாளெல்லாம் நல்லாத்தான் இருக்கீங்க. சர்ச்சுக்குப் போயிட்டு வந்தா மட்டும் மூஞ்சி தொங்கிப்போகுதே?"

மீன் கதையைச் சொன்னேன். பாய் சிரிக்கவில்லை. அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்தது.

"எங்க அத்தாவுக்கும் பெரியத்தாவுக்கும் நோன்புக் கஞ்சி விஷயத்துல ஒரு பேச்சு வந்துடுச்சு. அந்த வருஷம் யாரு செலவுல கஞ்சின்னு. ரெண்டு பேரும் பேச்சே இல்ல. ஆனா பள்ளிவாசல்ல ஒரே ஸஃப்புல, அதான் ஒரே வரிசைல, நிக்கணும். தோளோட தோள் ஒட்டி நிக்கணும் சார், நடுவுல இடம் விடக்கூடாது. அப்படியே நின்னு தொழுதுட்டு, வெளிய வந்து ஆளுக்கொரு பக்கம் பாத்துட்டுப் போவாங்க."

"அப்புறம் எப்படிச் சேந்தாங்க?"

"எங்கே சேந்தாங்க? பெரியத்தா மவுத்தானப்ப அத்தாதான் எல்லாத்துக்கும் முன்னால நின்னு செஞ்சாரு. அதுக்கப்புறம்கூட அந்தக் கஞ்சிய பத்திப் பேசினா அத்தாவுக்குக் கோவம் வரும்."

ஆறுதலுக்கு வேதத்தைத் திறந்தேன். கோபத்தோடு வேதம் வாசிப்பதில் ஒரு லாபம் உண்டு. பிரசங்கத்தில் வராத இடங்களெல்லாம் கண்ணில் படும். பிலிப்பியர் நாலாம் அதிகாரத்தில் எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள். நல்ல உழைப்பாளிகள், பவுலோடு சேர்ந்து பாடுபட்டவர்கள். அவர்களுக்குள் ஏதோ மனத்தாங்கல். ஒரே சிந்தையாய் இருங்கள் என்று பவுல் பேரைப் போட்டே எழுதிவிட்டார். சபையில் உரக்க வாசிக்கிற கடிதம்! அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்களோ. இரண்டாயிரம் வருஷமாக உலகத்தின் எத்தனையோ மொழிகளில் அவர்கள் சண்டை வாசிக்கப்படுகிறது. காரணம் மட்டும் எழுதப்படவில்லை. ஏலமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரம் இன்னும் மேல். பவுலுக்கும் பர்னபாவுக்கும் மாற்கை ஊழியத்துக்குக் கூட்டிப்போவதா வேண்டாமா என்று வாக்குவாதம். பாதி வழியில் விட்டுவிட்டுப் போனவன் வேண்டாம் என்று பவுல். இன்னொரு தடவை பார்க்கலாம் என்று பர்னபா. முற்றிப்போய், பர்னபா மாற்கை அழைத்துக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பலேறினார். பவுல் சீலாவோடு தரைமார்க்கமாகப் போனார். (இந்தச் சீலா ஆள், மீன் அல்ல.) லூக்கா இதை ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார். எங்கள் செயலரிடம் மினிட்ஸ் புத்தகத்தைக் கொடுத்திருந்தால், "ஊழிய விரிவாக்கம் கருதி இரு குழுக்களாகச் செல்ல ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று முடித்திருப்பார். பல வருஷம் கழித்துச் சிறையில் இருக்கும்போது மாற்கை அழைத்து வா, அவன் பிரயோஜனமானவன் என்று பவுல் எழுதினார். அன்று நான் சொன்னது தப்பு என்று மட்டும் எழுதவில்லை. அவரும் கமிட்டியில் இருந்தவர்தானே.

நம் நாட்டுச் சபைகளிலும் கோபக்காரர்களுக்குக் குறைச்சல் இல்லை. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் 1774இல் பிறந்தவர். ஷ்வார்ட்ஸ் ஐயர் வளர்த்த பிள்ளை, பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். ஷ்வார்ட்ஸ் 1798இல் போய்ச் சேர்ந்த பிறகு புது மிஷனரிமார் வந்தார்கள். பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றினார்கள், பாட்டில் கை வைத்தார்கள், கல்யாணத்தில் பூ வைப்பதில்கூடக் குற்றம் கண்டார்கள். சாஸ்திரியார் பக்கம் பக்கமாக எழுதித் தாக்கினார். மிஷன் வேலை போனது. சரபோஜி மன்னர்தான் கைகொடுத்தார். ஆனால் அந்தக் கோபம் முழுக்க நியாயம் என்று சொல்ல மாட்டேன். மிஷனரிமார் சாதியை விடச் சொன்னார்கள், அதுவும் அவருக்குப் பொறுக்கவில்லை. தமிழுக்காக வந்த கோபமும் சாதிக்காக வந்த கோபமும் ஒரே மைக்கூட்டிலிருந்து எழுதப்பட்டன. எங்கள் பாடகர் குழு இன்றும் அவர் கீர்த்தனைகளைப் பாடுகிறது. அவரை வேலையை விட்டு எடுத்தவர்கள் யார் என்று அந்தக் குழுவில் ஒருவருக்கும் தெரியாது.

என் சொந்த ஊர்ப் பக்கத்து முக்குப்பீறி சட்டாம்பிள்ளை இன்னும் ஒரு படி மேலே போனவர். மிஷனரி கால்டுவெல் 1849இல் நாடார்களைப் பற்றி எழுதிய புத்தகம் ஊரையே கொதிக்க வைத்திருந்தது. நாசரேத் மிஷனரியோடு வேறு தகராறு. வெள்ளைக்காரர் தலைமையே வேண்டாம் என்று 1857இல் தனிச்சபை தொடங்கி, ஓய்வுநாளையும் ஞாயிற்றிலிருந்து சனிக்கு மாற்றிவிட்டார். நான் கோபத்தில் பெஞ்சைத்தான் மாற்றினேன்.

வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தின் கதையைப் படித்த அன்று மட்டும் எனக்கு வேடிக்கை வரவில்லை. 1872இல் எழுந்த கட்டடம் அது. பீடம் ஒன்று, அதிலிருந்து கால்சட்டைக் கால் மாதிரி பிரிகிற இரண்டு கூடங்கள், சாதிக்கு ஒரு கூடம், நடுவே சுவர். பின்னாளில் சுவரை இடித்ததும், சுவர் எங்கள் உரிமை என்று ஒரு கூட்டம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. சுவருக்கு இந்தப் பக்கம் ஒதுக்கப்பட்டு, எதிர்ப்பக்கத்துச் சகோதரரோடு ஒரே அப்பத்தை வாங்கினவர்களுக்கு வந்திருக்கக்கூடிய கோபத்தை, "பிரதர், பொறுமையா இருங்க, ஜெபிப்போம்" என்று அணைக்க எனக்கு வாய் வராது. என் மீன் கோபம் அதன் பக்கத்தில் உட்காரவே லாயக்கில்லாதது. அது எனக்கே விளங்கிவிட்டது. ஆனாலும் அடுத்த ஞாயிறு செயலரைப் பார்த்ததும் பழையபடி சுருக்கென்றது.

வேறு சபைக்கு மாறிப் பார்க்கலாமா என்ற நினைப்பும் வந்தது. தகரக் கூரை, பெரிய ஸ்பீக்கர், மூன்று மணி நேர ஆராதனை உள்ள ஓரிடத்துக்குப் போனேன். எல்லாரும் கைகொடுத்து வரவேற்றார்கள். ஆராதனை முடிந்து செருப்பை மாட்டும்போது ஒருவர் என்னை ஓரமாய்க் கூட்டிப்போய், கீபோர்டு வாசிக்கிற தம்பியைப் பற்றி ஜெபக் குறிப்பாக ஒன்று சொன்னார். பஸ்ஸேறிவிட்டேன்.

கடைசியில் என்னை மாட்டிவிட்டது வழிபாட்டு முறைதான். எங்கள் தென்னிந்தியத் திருச்சபை 1947இல் பல சபைகள் ஒன்றுகூடி உண்டானது. 1950இல் அமைந்த அதன் திருவிருந்து ஒழுங்கில், கேரளச் சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து எடுத்த ஒரு வழக்கத்தைச் சேர்த்தார்கள். பீடத்திலிருந்து சமாதானம் கைமாறிக் கைமாறி வரிசை வரிசையாக வர வேண்டும். உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்து, மற்றக் கையால் மூடிக் கொடுப்பது முறை. தங்களுக்குள் பல காலம் முறைத்துக்கொண்டிருந்த சபைகள் சேர்ந்து எழுதிய ஒழுங்கு அல்லவா, எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

ஒரு திருவிருந்து ஞாயிறு. எங்கள் சபைக்கு நான் தாமதமாகப் போனேன். காணிக்கைத் தட்டு எடுத்துவிட்டுத் திரும்பிய செயலருக்கும் முன்னால் இடமில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தார். சமாதானம் இடது கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. பாய் சொன்ன ஸஃப்பு ஞாபகம் வந்தது. செயலர் என் கையைப் பிடித்தார். ஈரமான, கனமான கை. பிடித்தவர் விடவில்லை.

"தம்பி, இன்னும் அந்த மீன்தானா?" என்றார் காதோரம்.

"நீங்கதான் அதை ஜெபத்துல வெச்சீங்க" என்றேன்.

முன்வரிசை அம்மா திரும்பி முறைத்தார்.

மத்தேயு 18இல் இயேசு சொன்ன முறை ஒன்று இருக்கிறது. சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியே போய் அவனிடமே சொல். கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிப் போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். நாங்கள் வழக்கமாக மூன்றாவதிலிருந்து தொடங்குவோம். முதலாவதுக்கு வருவதற்குள் இருவரில் ஒருவருக்கு இரங்கல் கூட்டம் நடந்துவிடும். இந்தத் தடவை வரிசையை மாற்றிப் பார்க்க, அன்று சாயங்காலம் செயலர் வீட்டுக்கே போனேன்.

"வாங்க தம்பி. முதல்ல ஒரு சின்ன ஜெபம் பண்ணிடுவோம்" என்று கண்ணை மூடப் போனார்.

"ஜெபம் வேணாம் ஐயா. பேசுவோம்."

கண்ணைத் திறந்தார். அவ்வளவுதான். தளத்தில் கேட்கிற சத்தம் அவர் வீட்டுக் கூடத்தில் கேட்டது. பட்டியலை எழுதியது தன் மருமகள், அவளுக்கு என் பேர் தெரியாது என்றார். எலுமிச்சம்பழப் பேத்தியின் பேர் மட்டும் எப்படித் தெரிந்தது என்றேன். நீ ஜெபத்தில் என் கண்ணை இழுத்தாயே, எனக்கு நிஜமாகவே புரை ஆபரேஷன் பாக்கி இருக்கிறது தெரியுமா என்றார். தெரியாது என்றேன். அந்த மீனில் பாதி கெட்டுப்போயிருந்தது, நாலாயிரத்து இருநூறு கொடுத்தவன் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றார். ஆயர் பிரசங்கத்தைச் சுருக்கியிருந்தால் கெட்டிருக்காது என்றேன். அதில் மட்டும் இருவருக்கும் உடன்பாடு. அவர் வீட்டு அம்மா இரண்டு தடவை டீ கொண்டுவந்து வைத்தார்கள். இரண்டும் ஆறிப்போயின.

சண்டை முடிவதற்குள் கோட்டைப்பட்டினத்துக்கான கடைசி பஸ் போய்விட்டது. முணுமுணுத்துக்கொண்டே தன் டிவிஎஸ்ஸை வெளியே எடுத்தார். கண் சரியில்லாதவர் ஓட்ட வேண்டாம் என்று நான் வாங்கி ஓட்டினேன். அவர் பின்னால் உட்கார்ந்துகொண்டு, கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸுக்கு கீபோர்டு வாடகைக்கு எடுப்பது வீண் செலவு என்று ஆரம்பித்தார். கீபோர்டு இல்லாமல் நம் பாடகர் குழுவின் குரலை யார் கேட்பார்கள் என்று நான் கேட்க, எங்கள் வீட்டு வாசலில் வண்டி நின்ற பிறகும் அது ஓயவில்லை. சத்தம் கேட்டு பாய் வெளியே வந்து விளக்கைப் போட்டார்.