கண்ணுக்கா, காதுக்கா?

கேள்வி: ஹாலுக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகிறோம். என் கணவருக்கு அது பார்க்க அழகாக இருக்க வேண்டும். எனக்குப் பாட்டு நன்றாகக் கேட்க வேண்டும். யார் பக்கம் நியாயம்?

பதில்: இருவர் பக்கமும்தான். தினமும் கண்ணில் படுகிற பொருள் அது. பிடிக்காத பெட்டியின் மேல் சீக்கிரமே பூச்சாடி ஏறிவிடும். ஆனால் கடையில் தீர்ப்பைக் காதிடம் விடுங்கள். கண் குறுக்கே வந்தால் காது பல்டி அடித்துவிடும். 1994-ல் ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் சோதித்தே பார்த்தார்கள்: திரைக்குப் பின்னால் ஒலித்தபோது போட்ட மதிப்பெண்ணை, ஸ்பீக்கரைக் கண்ணால் பார்த்ததும் மாற்றிப் போட்டார்கள் கேட்டவர்கள்!

அதனால் நன்றாகப் பழகிய பாட்டோடு போய், கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பாடகர் மூச்சிழுப்பது கேட்க வேண்டும். தவிலின் தொப்பி நெஞ்சில் இறங்க வேண்டும். ஒல்லிப் பெட்டியில் அந்தக் கனம் வருவது கஷ்டம். பேஸுக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்குப் பெரிய கூம்பும் இடமும் தேவை.

காதில் தேறிய இரண்டு மூன்றில் நிறத்தையும் மரத்தையும் உங்கள் கணவர் தேர்ந்தெடுக்கட்டும். வீட்டில், உச்ச ஒலி தரும் ட்வீட்டர் உட்கார்ந்தவர் காது உயரத்தில் இருக்கட்டும். மூலையில் திணித்தால் பேஸ் வீங்கிக் குரலை விழுங்கும். ஷோகேஸுக்குள் மட்டும் பூட்டிவிடாதீர்கள்!