கொக்கைக் கழற்றிவைத்தவர்களுக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: வெளியுறவு அமைச்சகம், டோக்கியோ, ஜப்பான்.
பொருள்: கல்யாணப் பந்தியில் இரண்டு பெரியவர்களை உட்காரவைக்க ஆலோசனை கோருதல்.

ஐயா,

வரும் வைகாசியில் என் மகளுக்குக் கல்யாணம். எனக்கு இரண்டு தாய்மாமன்கள். பெரியவர் பூர்வீக வீட்டில் இருக்கிறார், சின்னவர் தோட்டத்து வீட்டில். மொத்தச் சொத்துக்கும் தானே வாரிசு என்று இருவருமே சொல்கிறார்கள். ஒருவருக்குப் பாக்கு வைத்தால் மற்றவர் வாசல் மிதிக்கமாட்டார். இந்த மாதிரிப் பஞ்சாயத்தில் உங்களைவிட அனுபவசாலி யார்?

மொத்தச் சீனாவுக்கும் தானே வாரிசு என்று பெய்ஜிங்கும் தைவானின் தைபேயும் மல்லுக்கட்டியபோது, 1972-ல் பெய்ஜிங்கோடு உறவு கொண்டாடினீர்கள். 1974 ஏப்ரல் 20 அன்று அவர்களோடு விமானப் போக்குவரத்து ஒப்பந்தம் கையெழுத்தானது. அப்போது உங்கள் அமைச்சர் மசயோஷி ஒஹிரா, தைவான் விமானத்தில் வரைந்திருப்பதை ஜப்பான் தேசியக் கொடியாகக் கருதவில்லை என்று அறிவித்தார். என் மனைவி அசந்துபோனாள். "கொடி இருக்கலாம், நாமதான் பார்க்கக் கூடாது, அப்படித்தானே?" தைபேக்கு வந்ததே கோபம்! விமானத்தை நிறுத்தியதோடு, தன் வான்வழியையும் ஜப்பானியருக்கு அடைத்துவிட்டது.

ஓராண்டுக்கும் மேலாக இழுபறி. பிறகு 1975-ல் அரசாங்கங்கள் பேசவில்லை; இரண்டு சங்கங்கள் பேசின. ஜப்பான் ஏர்லைன்ஸ் வயிற்றில் ஜப்பான் ஏசியா ஏர்வேஸ் பிறந்தது. விமானமெல்லாம் தாய்வீட்டுச் சீதனம். வாலில் இருந்த சிவப்புக் கொக்கையும் தேசியக் கொடியையும் மட்டும் காணோம். ஒரு டப்பா பெயின்டில் தீர்ந்த வழக்கு! பின்னாளில் கே.எல்.எம். நிறுவனமும் 'கே.எல்.எம். ஏசியா' என்று எழுதிக்கொண்டு, தலைமேலிருந்த கிரீடத்தைக் கழற்றிவைத்ததே.

ஆனால் நான் கையெடுத்துக் கும்பிடுவது உங்கள் பந்தி விசாரணையைத்தான். 1978-ல் நரிட்டா விமான நிலையம் திறந்ததும் வெளிநாட்டு விமான நிறுவனங்களையெல்லாம் அங்கே அனுப்பினீர்கள். சைனா ஏர்லைன்ஸை மட்டும் பழைய ஹனேடாவிலேயே நிறுத்திக்கொண்டீர்கள். (தைவானுடையதற்குத்தான் அந்தப் பெயர். அதற்குத் தனிக் கடிதம் எழுத வேண்டும்.) இரண்டு தரப்பு விமானங்களும் ஒரே தளத்தில் முகத்தோடு முகம் பார்த்துவிடக் கூடாதல்லவா? நரிட்டாவோ டோக்கியோவிலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல். ஹனேடா ஊருக்குள்ளேயே. நடுக்கூடத்துப் பந்தியில் இடமில்லை என்று அடுக்களைப் பக்கம் அனுப்பப்பட்டவருக்கு, எண்ணெய்ச் சட்டியிலிருந்து நேராக இலைக்கு வடை! 2002 வரை இந்த உபசாரம் நடந்திருக்கிறது. இடையில் 1995-ல் அவர்களே கொடியை எடுத்துவிட்டு வாலில் பிளம் பூ வரைந்துகொண்டார்கள். பந்தி மட்டும் மாறவில்லை.

அதே மாதிரி பெரிய மாமாவுக்கு மண்டபம், சின்ன மாமாவுக்குச் சமையல்கட்டுத் திண்ணை என்று முடிவு செய்தேன். விஷயம் கசிந்துவிட்டது. திண்ணைதான் வேண்டும் என்று பெரியவர் இப்போது அடம்பிடிக்கிறார்.

பத்திரிகை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சின்ன மாமா பெயருக்குப் பின்னால் 'ஏசியா' என்று போட்டால் ஒப்புக்கொள்வார்களா? தபாலில் வேண்டாம், தந்தி மாதிரி ஏதாவது அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பெண்ணைப் பெற்றவன்