செகண்ட் ஹேண்ட் காம்பாக்ட் எஸ்யூவியும் டாக்டர் ஒருவரா பலரா என்னும் வினாவும்

பாயிரம்: ஜீப்பைப் போலத் தோன்றி, ஜீப் போகும் இடத்துக்குப் போகாததாய் வருவது காம்பாக்ட் எஸ்யூவி. முன்பு பிறரிடம் இருந்து, பின் நம்மிடம் வந்து, அதன்பின் பெரும்பாலும் மெக்கானிக்கிடம் இருப்பது செகண்ட் ஹேண்ட். இவ்விரு இலக்கணமும் ஒருங்கே பொருந்திய வண்டியை நம்பி வாங்குவது எங்ஙனம் என்பதே இவ்வாய்வின் பொருள். ஆய்வாளர் இதுவரை கார் எதையும் வாங்கியதில்லை. ஆகவே நடுநிலை பிறழ வாய்ப்பில்லை.

அளவியல்: யாப்பு நான்கு மீட்டர். அதற்குள் அடங்கி, பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசி தாண்டாத வண்டிக்கு வரி குறைவு. 2013-ல் வந்த எக்கோஸ்போர்ட், 2016-ன் பிரெஸ்ஸா, 2017-ன் நெக்ஸான், 2019-ன் வென்யூ எல்லாம் நான்கு மீட்டருக்கு ஒரு விரற்கடை முன்பாக நின்றுவிட்டது இதனால்தான். 2020-ல் பிரெஸ்ஸாவுக்கு 1462 சிசி பெட்ரோல் என்ஜின் வைத்தார்கள். அடி சரி, சீர் மிகை. இங்கு விற்ற எக்கோஸ்போர்ட் தயாரானது மறைமலைநகரில். தனித்தமிழ் இயக்கம் கண்டவரின் பெயர் தாங்கிய ஊரில் அப்படியொரு பெயரோடு வண்டி செய்யத் துணிந்தது யார் என்பது தனி ஆய்வுக்குரியது. இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு 2021-ல் அறிவித்துவிட்டதால், அதை வாங்குவோர் ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்க.

நிறவியல்: வெள்ளை.

காலவியல்: மீட்டரில் தெரியும் எண் பாயிரம் போன்றது, பிறர் எழுதிச் சேர்த்ததாகவும் இருக்கலாம். நம் பேராசிரியர்கள் ஒரு நூலின் காலத்தை ஐந்நூறு ஆண்டு முன்னுக்குத் தள்ளினால் நூலின் மதிப்பு ஏறுகிறது. புரோக்கர் நாற்பதாயிரம் கிலோமீட்டரைப் பின்னுக்குத் தள்ளினால் வண்டியின் மதிப்பு ஏறுகிறது. முறை ஒன்றே; புரோக்கருக்கு ஓய்வூதியம் மட்டும் இல்லை. அகச்சான்றுகளை நோக்குக. பிரேக் பெடலின் ரப்பர் வழுவழுத்து, ஸ்டீயரிங் பளபளத்து, டிரைவர் சீட்டின் கதவோர விளிம்பு அமுங்கியிருக்க, மீட்டர் 28,000 என்று சொன்னால் அது இடைச்செருகல். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கக் கல்வெட்டு ஒன்று உண்டு: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். கம்பெனி சர்வீஸ் சென்டரின் கணக்கில் ஒவ்வொரு சர்வீஸின்போதும் ஓடியிருந்த கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். சர்வீஸ் புத்தகத்தில் மட்டும் அந்த ஏடுகளைக் கரையான் அரித்திருக்கும்.

கூட்டியல்: உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பாட்டின் ஓரடியில் உள்ள சொல்லைப் பல அடி தாண்டிக் கொண்டுபோய்க் கூட்டிப் பொருள் காண்பார். டிங்கர் ஒரு வண்டியின் முன்பாதியை இன்னொன்றின் பின்பாதியோடு கூட்டுவார். பானெட் போல்ட்டில் பெயிண்ட் பெயர்ந்திருந்தாலும், கதவு பீடிங்கை உரித்தால் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் தாறுமாறாக இருந்தாலும் அது உரையாசிரியர் கைபட்ட பிரதி.

கடல்கோளியல்: சங்கம் இருந்த நகரங்களைக் கடல் கொண்டதை இறையனார் களவியல் உரை சொல்லிப் போயிற்று, அந்த நகரங்களைத் தேடுவோர் இன்னும் தேடுகிறார்கள். சென்னை வண்டிகள் கண்ட கடல்கோள்கள் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் நிகழ்ந்தவை. இவற்றுக்குச் சான்று எளிது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுக்க, சேற்றுக்கோடு தெரியும். ஸ்டெப்னியைத் தூக்க; அடியில் வண்டல் இருக்கும். சீட் ரெயிலில் துரு. குமரிக்கண்டத்துக்கு இன்றுவரை வாய்க்காத தொல்லியல் ஆதாரம் ஒரு டிக்கிக்குள் வாய்க்கிறது.

என்ஜினியல்: பானெட்டைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்க. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. இது பற்றிக் கருத்தரங்குகளில் எவரும் கட்டுரை வாசித்ததில்லை. பார்த்ததும் தெரிந்துவிடுவதில் ஆராய என்ன இருக்கிறது?

டாக்டரியல்: இனி தலையாய சிக்கல். “டாக்டர் வண்டி சார், சிங்கிள் ஓனர், வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் ஓடுச்சு” என்னும் வாக்கியம் எல்லாப் புரோக்கர்களிடமும் பாடபேதமின்றிக் கிடைக்கிறது. இந்த டாக்டர் யார்? ஔவையார் ஒருவரா பலரா என்று பல தலைமுறை உழைத்த நம் புலமை மரபு இதை ஏன் கைவிட்டது? ஒருவரே என்பார் ஒரு சாரார். எல்லா வண்டியையும் அறுபதுக்கு மேல் ஓட்டாத நடை ஒற்றுமை அவர்கள் சான்று. தாம்பரத்து பிரெஸ்ஸாவையும் கோவை நெக்ஸானையும் ஒருவரே ஓட்டியிருக்க முடியாது, ஆகவே குறைந்தது இருவர் என்பார் மறுதரப்பார். டாக்டர் என ஒருவர் இலர் என்பது புதுப்பேட்டை ஸ்பேர் பார்ட்ஸ் கடைவீதியின் பழைய உரை. அதன் ஆசிரியர் பெயர் தெரியவில்லை, கேட்டால் ஸ்பானரை எடுக்கிறார்.

மூன்று தரப்பையும் கலங்கடித்தது அண்மையில் ஒரு ஷெட்டில் கிடைத்த ஆவணம். முருகன் படம் போட்ட காலண்டரின் கார்த்திகை மாதத் தாள், பின்பக்கம், கிரீஸ் கறைக்குக் கீழே மூன்றாம் வரி (முதல் வரி டீக்கணக்கு, இரண்டாவது சிதைந்தது): “டாக்டர் பம்பர் 4500 பாக்கி.” எனில் டாக்டர் இருந்தார், இடித்தார், கடனும் வைத்தார். ஒருவர் கட்சியினர் உடனே மறுப்புநூல் வெளியிட்டனர்: இடித்தவர் பல் டாக்டர்; வண்டியை விற்றவர் கண் டாக்டர்; கண் டாக்டர் இடிக்கமாட்டார். மறுப்புக்கு மறுப்பு அச்சில் உள்ளது.

இந்நிலையில் ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தால் மூன்றாவது ஓனர் என்றிருக்கும். டாக்டர் ஒருவரே, அவருக்குப் பெயர்கள் மூன்று வழங்கின என்று புரோக்கர் விளக்குவார். ஆர்.சி.யில் பைனான்ஸ் ஏறியிருந்தால் பாங்கின் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் கேட்டு வாங்குக. பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30. அவற்றில் விற்பவர் போட்ட கையெழுத்தை எந்தக் கல்வெட்டு அறிஞராலும் படிக்க முடியவில்லை. டாக்டர் வாழ்ந்தார் என்பதற்கு இதுவரை கிடைத்த ஐயமற்ற சான்று அது ஒன்றே.