தாளிப்பும் தீ அலாரமும்: வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் குறித்த சிற்றாய்வு

ஒரு செமஸ்டர் வெளிநாடு போய்ப் படித்துத் திரும்பும் மாணவரைப் பற்றிப் பல்கலைக்கழகங்கள் பக்கம் பக்கமாக எழுதிக் குவித்திருக்கின்றன. மொழித் திறன் வளர்கிறதாம், பண்பாட்டுப் புரிதல் விரிகிறதாம், வேலைச் சந்தையில் மதிப்பு ஏறுகிறதாம். எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். நவம்பர் மாதத்து இரவொன்றில், விடுதியின் மூன்றாம் மாடிப் பொதுச் சமையலறையில் ரசத்துக்குத் தாளிக்கும்போது நடைவழியில் இருக்கும் தீ அலாரம் ஏன் அலறுகிறது என்ற கேள்வி மட்டும் அறிஞர்களின் கண்ணில் படாமலே போய்விட்டது. அந்தப் பெருங்குறையைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வின் எல்லையை முதலில் வரையறுத்துவிடுவது முறை. களம் ஜெர்மனி. காலம் குளிர்கால செமஸ்டர். ஏட்டில் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை என்று இருக்கும், வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரியில் முடிந்துவிடும். ஆய்வுக்குரியவர், தமிழ்நாட்டிலிருந்து பரிமாற்றத் திட்டத்தில் போகும் பொறியியல் மாணவர். ஊரில் இருந்தவரை ஃபிரிட்ஜில் தண்ணீர் பாட்டில் எடுக்க மட்டும் அடுப்படிக்குள் நுழைந்தவர். ஜெர்மனியைத் தேர்ந்துகொண்டதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. சென்னை ஐஐடி 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடுதான் தொடங்கப்பட்டது. அன்று அங்கிருந்து இயந்திரங்களும் பேராசிரியர்களும் வந்தார்கள். இன்று இங்கிருந்து மாணவர்கள் பருப்புப்பொடியோடு போகிறார்கள்.

முன்னோடிகளை வணங்காமல் எந்த ஆய்வும் தொடங்குவதில்லை. ஐரோப்பாவின் மாணவர் பரிமாற்றத் திட்டத்துக்கு எராஸ்மஸ் என்று பெயர். 1987இல் 11 நாடுகளும் 3,244 மாணவர்களுமாகத் தொடங்கியது. பெயருக்குரிய எராஸ்மஸ் ராட்டர்டாமைச் சேர்ந்த பேரறிஞர். 1495இல் பாரிஸுக்குப் படிக்கப் போனவர், மோந்தேகு கல்லூரி விடுதியில் தின்னக் கொடுத்த அழுகிய முட்டையைச் சாகும்வரை மன்னிக்கவில்லை. பிற்காலத்தில் எழுதிய உரையாடல் ஒன்றில் அந்த விடுதியை வறுத்தெடுத்தார். 1511இல் கேம்பிரிட்ஜ் போனவருக்கு அங்கே பீர் பிடிக்கவில்லை. லண்டன் நண்பருக்குக் கடிதம் எழுதி வைன் வரவழைத்துக்கொண்டார். ஆகவே, மெஸ் சாப்பாடு வாயில் வைக்க வழியில்லை என்று அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் புலம்பும் மாணவர் ஐந்நூறு ஆண்டு அறிவு மரபின் வாரிசு என்பதை நிறுவியாயிற்று.

வெளியே சாப்பிட்டால் என்ன என்று கேட்கலாம். மாணவர் விசாவுக்காக, செலவுப் பணமென்று வங்கியில் முடக்கிவைத்துக் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பரிலிருந்து மாதத்துக்கு 992 யூரோ. வாடகையும் காப்பீடும் போக மிஞ்சுவதைக் கொண்டு தினமும் உணவகத்துக்குப் போவது நடவாத காரியம். பல்கலைக்கழக உணவகம் மலிவுதான். ஆனால் அங்கே உருளைக்கிழங்குக்குத் தொட்டுக்கொள்ளவும் உருளைக்கிழங்கே கிடைக்கும். இரண்டாம் வாரத்தில் மாணவர் அடுப்பைத் தேடி வருகிறார்.

தாளிப்புக்கான மூலப்பொருள்கள் பெட்டியில் போவதால், பெட்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவரக் கூடாது. எனவே பாட்டி உருக்கிக் கொடுத்த நெய்க்கு அனுமதி இல்லை. 2019 டிசம்பர் முதல் பச்சைத் தாவரப் பொருள்களுக்கும் தாவர நலச் சான்றிதழ் தேவை. கறிவேப்பிலைக் கொத்தும் அங்கேயே நின்றுவிடுகிறது. சான்றிதழ் வேண்டாம் என்று விலக்கு பெற்ற பழங்கள் ஐந்தே ஐந்து: அன்னாசி, தேங்காய், டுரியான், வாழைப்பழம், பேரீச்சை. இந்தப் பட்டியலைத் தயாரித்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு நம் ஊர் அர்ச்சனைத் தட்டோடு பரிச்சயம் இருந்திருக்க வேண்டும். முழுத் தேங்காய்க்கு இப்படி ராஜமரியாதை. கொப்பரைக்கோ, தானே தீப்பற்றக்கூடிய சரக்கு என்று விமானத் துறை முத்திரை குத்தியிருக்கிறது. எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதுதான் காரணம். ஆக, தீ என்னும் பிரச்சினை மாணவர் சென்னையில் விமானம் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் நான்கும் தப்பிப் போய்விடும். (பெருங்காயம் தானே ஒரு வெளிநாட்டு மாணவர்தான். ஈரான், ஆப்கானிஸ்தான் மலைச்சரிவிலிருந்து வந்து, நம் சாம்பாரில் சேர்ந்து, திரும்பிப் போக மறந்துவிட்டது. இந்தியாவில் அதைப் பயிரிடும் முயற்சியாக அறிவியலாளர்கள் முதல் கன்றை நட்டதே 2020 அக்டோபரில், இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில்.)

அடுத்து அடுப்பு. நம் தாளிப்புக் கரண்டியின் அடி உருண்டை. காஸ் அடுப்பின் தீநாக்கு அதைச் சுற்றிப் பிடிக்கும் என்று நம்பி வார்த்தது. ஜெர்மன் விடுதி அடுப்போ தட்டையான கண்ணாடிப் பலகை. அதன்மேல் உருண்டை அடி ஒரே ஒரு புள்ளியில்தான் படும். எண்ணெய் காய்வதற்குள் ஒரு பாடவேளை ஓடிவிடும். இண்டக்‌ஷன் அடுப்பு இன்னும் மோசம். காந்தம் ஒட்டும் பாத்திரத்தைத் தவிர மற்றதற்கு அது சூடு தராது, குறிப்பிட்ட அகலத்துக்குக் கீழே இருந்தால் அதைப் பாத்திரமாகவே மதிக்காது. இரும்புக் கரண்டி முதல் தேர்வில் பாஸ், இரண்டாவதில் ஃபெயில். ஈயச்சொம்பு முதல் தேர்விலேயே தேறாது; பழைய மின்தட்டு அடுப்பில் ரசமில்லாமல் வைத்துவிட்டாலோ சொம்பே மிஞ்சாது, வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். மின்தட்டு அடுப்புக்கு இன்னொரு குணம் உண்டு. அணைத்த பிறகும் வெகுநேரம் கொதிக்கும். கடுகு வெடித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு நிம்மதியாக நிற்கும் மாணவரின் கண்ணெதிரே கடுகு கருகி, மிளகாய் கருகி, புகை எழும்.

இனி மையப் பொருளுக்கு வரலாம்.

புகையறியும் கருவி பிறந்த கதையே ஒரு சமையலறைக் கதைபோல இருக்கும். 1930களில் வால்டர் யேகர் என்ற சுவிட்சர்லாந்து இயற்பியலாளர் விஷவாயுவைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். விஷவாயுவுக்கு அது அசையவில்லை. அலுத்துப்போய் சிகரெட் பற்றவைத்தார். மீட்டர் முள் இறங்கியது. இன்று ஜெர்மன் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் ஒளிவகைக் கருவிகள். உள்ளே இருட்டறை, அதில் ஒரு சிறு ஒளிக்கதிர், கதிரின் பாதையை விட்டு விலகி ஓர் உணரி. காற்று சுத்தமாக இருந்தால் உணரிக்கு வெளிச்சம் தெரியாது. துகள்கள் நுழைந்தால் ஒளி சிதறி உணரியில் படும், அலாரம் அடிக்கும். நுழைந்தது எரியும் திரைச்சீலையின் புகையா, காய்ந்த நல்லெண்ணெயின் ஆவியா, குளித்துவிட்டு வந்தவரின் வெந்நீர் ஆவியா என்று விசாரிக்க அதற்கு நேரமும் கிடையாது, அறிவும் கிடையாது. செக்கு நல்லெண்ணெய் ஏறத்தாழ 180 டிகிரியிலேயே புகையத் தொடங்கிவிடும். சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய் 220ஐத் தாண்டித் தாங்கும். ஊர்ப்பற்று மிகுந்த மாணவருக்கு அலாரம் விரைவில் அடிப்பதன் வேதியியல் விளக்கம் இதுவே.

இவ்வளவுக்கும் ஜெர்மனியில் சமையலறைக்குள் இந்தக் கருவியை மாட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. படுக்கையறையிலும், தப்பியோடும் வழியான நடைவழியிலும் கட்டாயம். சமையலறையில் இயல்பாகவே புகை வரும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருக்கிறார்கள். பிறகு ஏன் அலாரம் அடிக்கிறது? இங்கேதான் இந்த ஆய்வின் தலையாய கண்டுபிடிப்பு இருக்கிறது. நெடி ஏறியதும் மாணவர் ஊர்ப் பழக்கத்தில் கதவைத் திறந்துவிடுகிறார். ஊரில் கதவுக்கு அப்பால் இருப்பது முற்றமோ தெருவோ. விடுதியில் இருப்பது நடைவழி. நடைவழியின் கூரையில் கருவி. புகைக்குத் தானே வழிகாட்டி, கைபிடித்து அழைத்துப் போய் அலாரத்திடம் ஒப்படைக்கிறார். இதன் பின்விளைவுகள்: பத்து நாட்டு மாணவர்கள் இரவு உடையில், சுழியம் டிகிரிக் குளிரில், மரத்தடியில் நிற்பது, அலாரம் தீயணைப்பு நிலையத்தோடு இணைந்திருந்தால் சிவப்பு வண்டி வருவது, பல ஊர்களில் பொய் அலாரத்துக்கு ஒரு பில் வருவது.

பரிகாரம் ஜெர்மானியரின் பழக்கத்திலேயே இருக்கிறது. கடுங்குளிரிலும் ஜன்னலை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்றோட்டம் விடுவது அவர்களுக்குப் பல் துலக்குவதுபோல அன்றாடக் கடமை. வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதி வைப்பதுண்டு. கதவைச் சாத்து, ஜன்னலைத் திற, பிறகு கடுகைப் போடு. மூன்று கட்டளைகள். கழுத்தில் மஃப்ளர் இருந்தால் நலம்.

மிளகாயை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும், ஏனெனில் அது கருவியை விட்டுவிட்டு மனிதரைத் தாக்கும். 2007 அக்டோபரில் லண்டனின் சோஹோ பகுதியில் காற்றில் ஏதோ கலந்து வழிப்போக்கர்கள் எல்லாம் இருமினார்கள். ரசாயனத் தாக்குதலோ என்று தெருக்களை மூடினார்கள். சுவாசக் கவசம் அணிந்த தீயணைப்பு வீரர்கள் ஒரு கதவை உடைத்து உள்ளே போய் எடுத்துவந்தது, தாய்லாந்து உணவகம் ஒன்றின் சமையல்காரர் காரமான சாஸ் செய்ய வறுத்துக்கொண்டிருந்த சுமார் 4 கிலோ காய்ந்த மிளகாய். சந்தைக்குப் பக்கத்தில் மிளகாய்ப்பொடி அரைக்கும் மில்லைத் தாண்டிப் போன எந்தத் தமிழரையாவது கேட்டிருந்தால் கதவு பிழைத்திருக்கும்.

குக்கருக்கு வருவோம். ‘மூணு விசில் விட்டு இறக்கு’ என்பது தமிழ்நாட்டில் கால அளவை. ஜெர்மன் குக்கர்கள் பெரும்பாலும் சத்தமில்லாதவை. அடுத்த அறைக்காரருக்கு முதல் விசில் குலை நடுக்கம். அவரைச் சமாதானப்படுத்த வரலாற்றைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும். பிரஷர் குக்கரின் முன்னோடியை 1679இல் லண்டனில் செய்துகாட்டியவர் தெனி பாப்பேன், பிரெஞ்சுக்காரர். அழுத்தம் மிஞ்சினால் திறந்துகொள்ளும் வால்வையும் அவரே சேர்த்தார். 1682இல் ராயல் சொசைட்டி அறிஞர்களுக்கு அதில் சமைத்து விருந்து வைத்தார். பிறகு எங்கே போனார்? ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகத்துக்கு, கணிதப் பேராசிரியராக. அந்நிய நாட்டு அறிஞர் ஒருவர் குக்கர் ஞானத்தோடு ஜெர்மன் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்து 300 ஆண்டுக்கு மேல் ஆகிறது; பயப்பட இனி நியாயமில்லை.

மிக்ஸி வேறு விவகாரம். இரவு பத்து மணிக்கு மேல் ஓசை எழுப்பக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நாள் முழுவதும் அடக்கி வாசிக்க வேண்டும். ஞாயிறு ஓய்வு நாள் என்பதை 1919ஆம் ஆண்டு வைமார் அரசியலமைப்பு பாதுகாத்தது, 1949இன் அடிப்படைச் சட்டம் அந்த வரியை அப்படியே எடுத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தேங்காய்ச் சட்னி அரைப்பது அங்கே அரசியலமைப்புச் சட்டப் பிரச்சினை. கடைகளும் அன்று மூடியிருக்கும் என்பதால் தேங்காயை சனிக்கிழமையே வாங்கியிருக்க வேண்டும்.

நெடி நமக்கு மட்டுமே உரிய சொத்து என்று நினைத்துக் குறுகிப்போகும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. விடுதியின் பொது ஃபிரிட்ஜில் கொரிய மாணவரின் கிம்ச்சி டப்பா இருக்கும். ஜெர்மன் மாணவரின் லிம்பர்கர் பாலாடைக்கட்டி இருக்கும். அதை மணக்கச் செய்யும் பாக்டீரியாவின் நெருங்கிய உறவினர்தான் மனிதப் பாதத்திலும் குடியிருப்பது. பொதுச் சமையலறையில் எல்லாரும் குற்றவாளிகள், எல்லாரும் நீதிபதிகள். அந்தச் சமநிலை குலையும்போதுதான் விவகாரம் முற்றுகிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2023இல் இந்திய ஆய்வு மாணவர் ஒருவர் துறையின் மைக்ரோவேவில் பாலக் பனீரைச் சுடவைத்தார். ஊழியர் ஒருவர் வாசனையை ஆட்சேபித்தார். பேச்சு வளர்ந்து, வழக்காகி, 2025இல் 2 லட்சம் டாலருக்கு உடன்பாடானது. பல்கலைக்கழகம் தவறு எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. பனீர் வரலாற்றிலேயே விலை உயர்ந்த பனீர் அதுவாக இருக்கக்கூடும் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. சிரித்துக் கடந்துவிடக்கூடிய விஷயம் இல்லை அது. சாப்பாட்டை மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுபவர்கள் பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

முடிவாக ஒரு கோரிக்கை. ஐரோப்பிய மதிப்பெண் முறையில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு நடக்கும் நான்கு மாதங்களில் நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம் சமைத்தாலும் 90 மணி நேரம் ஆகிறது. கறாராக 30 மணிக்கு ஒன்று என்று வகுத்தால்கூட மூன்று கிரெடிட். வெப்பக் கடத்தல், ஒளிச்சிதறல், அரசியலமைப்புச் சட்டம், பன்னாட்டு உறவு என நான்கு துறைகளை ஒரே கரண்டியில் கற்றவரின் மதிப்பெண் பட்டியலில் இதைச் சேர்க்காமல் விடுவது அநியாயம். இரு நாட்டுப் பல்கலைக்கழகங்களும் உடனே ஆவன செய்ய வேண்டும். தேர்வு நடத்துவதும் சுலபம்: மாடியில் இருக்கும் பத்துப் பேருக்கும் ரசம் வைத்துத் தாளித்துக் காட்ட வேண்டும். அலாரம் அடித்தால் அரியர்.